லாபம் ஓரிடம், பணம் ஓரிடம்: திவ்யா சூர்யதேவராவின் ஜி.எம். ஆண்டுகள் குறித்த நிகழ்வு ஆய்வு

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்.) நிகர நஷ்டம் சுமார் 80 கோடி டாலர். அமெரிக்க ஆலைகள் ஏறக்குறைய இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த நேரத்துக்கு இது பெரிய நஷ்டமே அல்ல. ஆனால் அதே மூன்று மாதத்தில் கார் தொழிலிலிருந்து வெளியேறிய பணம் 900 கோடி டாலர். அடுத்த காலாண்டில் 910 கோடி டாலர் திரும்ப உள்ளே வந்தது. நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இந்தப் போக்கும் வரத்தும் புரிந்திருக்காது. கார் கம்பெனியில் பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று நாள்கணக்காகத் தெரிந்தவருக்கு இது எதிர்பார்த்ததுதான்.

அப்போது ஜி.எம்.மின் தலைமை நிதி அதிகாரியாக இருந்தவர் திவ்யா சூர்யதேவரா. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியலில் இளநிலையும் முதுநிலையும் முடித்து, 22 வயதில் ஹார்வர்டில் எம்.பி.ஏ. படிக்க அமெரிக்கா போனவர். 2018 செப்டம்பர் 1 அன்று, 39 வயதில், அந்த நிறுவனத்தின் முதல் பெண் தலைமை நிதி அதிகாரியானார். அன்றைய செய்திகள் வயதையும் ஊரையும் பெண் என்பதையும் பேசின. நிதித் துறையில் வளர நினைக்கும் பெண்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: அவர் எந்த நாற்காலிக்குப் பிறகு எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்ற வரிசை. திட்டமிடல் பொறுப்புக்கு வருவதற்கு முன்பே பணத்தைக் கையாளும் மூன்று இடங்களில் அவர் வேலை பார்த்திருந்தார்.

ட்ரெஷரியில் தொடக்கம்

முதலீட்டு வங்கியான யு.பி.எஸ்.ஸில் சிறிது காலம் இருந்துவிட்டு, 2000களின் நடுவில் ஜி.எம்.மின் நியூயார்க் ட்ரெஷரி (பண நிர்வாக) அலுவலகத்தில் சேர்ந்தார். டெட்ராய்ட்டில் கார் செய்கிற கம்பெனி, வங்கிகளோடும் பத்திரச் சந்தையோடும் பேசுவதற்கென்று நியூயார்க்கில் வைத்திருந்த அலுவலகம் அது. பின்னாளில் ஜி.எம்.மின் தலைமைச் செயல் அதிகாரியான ரிக் வேகனர் 1977இல் வேலைக்குச் சேர்ந்ததும் இங்கேதான்.

ட்ரெஷரியின் அன்றாட வேலை பகட்டில்லாதது. எந்த நாட்டு வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவை வெளியே எடுக்க முடியும், எந்தக் கடன் எந்தத் தேதியில் முதிர்கிறது, எந்தக் கரன்சியில் எவ்வளவு ஏற்ற இறக்கம் தாங்கும் என்று தினமும் பார்க்க வேண்டும். அவர் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே, 2009 ஜூன் 1 அன்று, ஜி.எம். திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஜூலை 10 அன்று புதிய நிறுவனமாக வெளியே வந்தது. பணம் தீர்ந்துபோனால் ஒரு கம்பெனிக்கு என்ன ஆகும் என்பதை வகுப்பறைப் பாடமாக இல்லாமல் உள்ளே இருந்து பார்த்த தலைமுறை இது. அதற்குப் பிறகு ஜி.எம். எடுத்த ஒவ்வொரு பெரிய நிதி முடிவிலும் 2009 பற்றிய பயத்தைப் பார்க்கலாம்.

ஓய்வூதிய நிதி

2013இல் ஜி.எம். அசெட் மேனேஜ்மென்டின் தலைமைச் செயல் அதிகாரியாகவும் தலைமை முதலீட்டு அதிகாரியாகவும் ஆனார். கையில் இருந்தது சுமார் 8,500 கோடி டாலர் ஓய்வூதியப் பணம். முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான சி.எஃப்.ஏ. பட்டயம் நேரடியாகக் கைகொடுக்கும் இடம் இது.

ஓய்வூதியம் ஏன் திட்டமிடலுக்கு ஆபத்தானது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஓய்வூதியப் பொறுப்பு (இனிக் கொடுக்க வேண்டிய ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்பு) 10,000 கோடி, சொத்தும் 10,000 கோடி என்று வைப்போம். பொறுப்பின் ட்யூரேஷன் (வட்டி 1 சதவீதம் மாறினால் மதிப்பு ஏறக்குறைய எத்தனை சதவீதம் மாறும் என்று காட்டும் அளவு) 11 ஆண்டு. வட்டி விகிதம் 1 சதவீதம் இறங்கினால் பொறுப்பு சுமார் 1,100 கோடி ஏறும். சொத்தில் 6,000 கோடி பங்குகளிலும் 4,000 கோடி ட்யூரேஷன் 5 உள்ள பத்திரங்களிலும் இருந்தால், பத்திரத்தின் மதிப்பு 200 கோடிதான் ஏறும். ஒரு கார்கூட விற்பனை குறையாமல், ஒரு தொழிலாளியும் தப்பு செய்யாமல், 900 கோடி பள்ளம் விழுந்துவிடும். 2008இல் நடந்ததுபோல அதே சமயத்தில் பங்குச் சந்தையும் சரிந்தால் பள்ளம் இன்னும் ஆழம்.

நீண்ட காலப் பத்திரங்களைக் கூட்டி, சொத்தின் ட்யூரேஷனைப் பொறுப்பின் ட்யூரேஷனுக்கு அருகே கொண்டுவருவது ஒரு மருந்து. பொறுப்பையே கை மாற்றிவிடுவது இன்னொன்று. ஜி.எம். 2012இல் அதைச் செய்தது. அமெரிக்காவில் மாதச் சம்பளப் பிரிவில் ஓய்வு பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு மொத்தத் தொகை கொடுக்கவும், மற்றவர்களைப் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றவும் திட்டம் அறிவித்து, சுமார் 2,600 கோடி டாலர் பொறுப்பைப் பேலன்ஸ் ஷீட்டிலிருந்து இறக்க முனைந்தது.

எஃப்.பி. அண்ட் ஏ. என்னும் நிதித் திட்டமிடல், பகுப்பாய்வுப் பிரிவிலேயே வளர்ந்தவர்கள் பலரும் ஓய்வூதியத்தை ஆக்சுவரி (ஓய்வூதிய, காப்பீட்டுக் கணிப்பு நிபுணர்) அனுப்பும் ஓர் எண்ணாகவே பார்க்கிறார்கள். அதை உள்ளிருந்து நடத்தியவர் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தைப் போடும்போது, அந்த எண் எப்படியெல்லாம் நகரும் என்று தெரிந்தே போடுவார்.

ட்ரெஷரர்: 20 சதவீதமும் 2,000 கோடி டாலரும்

2015இல் ட்ரெஷரர். அதே ஆண்டு மார்ச் மாதம் ஜி.எம். தன் மூலதனப் பங்கீட்டு விதியை வெளிப்படையாக அறிவித்திருந்தது. 20 சதவீதமோ அதற்கு மேலோ வருவாய் தரும் திட்டங்களில் மட்டும் தொழிலில் முதலீடு, முதலீட்டுத் தரக் கடன் மதிப்பீட்டைக் காக்க 2,000 கோடி டாலர் கையிருப்பு, மிச்சத்தைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது என்று மூன்று வரி. இப்படி எழுதி வைத்த விதியின் பலன், உள்ளே நடக்கும் சண்டைகள் குறைவது. ஒரு பிரிவுத் தலைவர் 14 சதவீதம் தரும் திட்டத்தோடு வந்தால், அவரோடு வாதாட வேண்டியதில்லை. விதியே பதில் சொல்லிவிடும்.

விதி எப்படி வேலை செய்தது என்பதை ஓப்பல் விற்பனையில் பார்க்கலாம். 1999க்குப் பிறகு ஐரோப்பாவில் ஜி.எம். முழு ஆண்டு லாபம் பார்த்ததே இல்லை. 2017 மார்ச்சில் ஓப்பல், வாக்ஸ்ஹால் இரண்டையும், அவற்றின் கடன் வழங்கும் பிரிவில் தனக்கிருந்த உரிமையோடு, பிரான்ஸின் பி.எஸ்.ஏ. குழுமத்துக்கு 220 கோடி யூரோவுக்கு விற்பதாக அறிவித்தது. மறுபக்கம், பி.எஸ்.ஏ. ஏற்றுக்கொண்ட ஓய்வூதியப் பொறுப்புகளுக்காக ஜி.எம். 300 கோடி யூரோ கொடுத்தது. விற்றவரே வாங்கியவருக்குக் கூடுதலாகப் பணம் கட்டியிருக்கிறார் என்றுதான் முதல் பார்வையில் தோன்றும்.

கணக்கை முழுதாகப் போட்டால் வேறு படம் கிடைக்கும். ஆண்டுதோறும் ஏற்பட்ட நஷ்டம் நின்றது. ஐரோப்பிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்காகப் போட வேண்டியிருந்த முதலீடு நின்றது. அந்தத் தொழிலின் ஏற்ற இறக்கத்துக்காக ஒதுக்கி வைத்திருந்த கையிருப்பில் 200 கோடி டாலர் விடுபட்டு, தேவையான அளவு 1,800 கோடியாக இறங்கியது. விற்பனை விலை, ஓய்வூதியம், கையிருப்புத் தேவை மூன்றையும் ஒரே தாளில் வைத்தால்தான் இந்த முடிவு விளங்கும். இந்தப் பேரத்தில் சூர்யதேவராவுக்கு முக்கியப் பங்கு இருந்ததாக நிறுவனமே சொன்னது. ஓய்வூதியம் நடத்தியவர், ட்ரெஷரியில் உட்கார்ந்திருந்த சமயத்தில் வந்த பேரம் இது.

திட்டமிடல் அலுவலகம்

2017 ஜூலையில் கார்ப்பரேட் நிதித் துணைத் தலைவர். நிதித் திட்டமிடல், முதலீட்டாளர் தொடர்பு, சிறப்புத் திட்டங்கள் மூன்றும் அவரிடம் வந்தன. திட்டமிடலும் முதலீட்டாளர் தொடர்பும் ஒரே கையில் இருப்பது நல்ல ஏற்பாடு. உள்ளே போட்ட கணிப்பை வெளியே பங்குச் சந்தை ஆய்வாளர்கள் முன் நின்று சொல்ல வேண்டிய ஆள், கணிப்பில் ஓட்டை விட மாட்டார்.

பெரிய கம்பெனிகளில் இந்த அலுவலகத்தின் ஆண்டு ஒரே மாதிரிதான் ஓடும். கோடையில் நீண்ட காலத் திட்டம், இலையுதிர் காலத்தில் பட்ஜெட், அதன்பின் 3+9, 6+6, 9+3 என்று மறுகணிப்புகள். 3+9 என்றால் மூன்று மாத நிஜமும் ஒன்பது மாதக் கணிப்பும். ஒவ்வொரு மாதமும் திட்டத்துக்கும் நிஜத்துக்கும் நடுவே, எந்தக் காரணத்தால் எவ்வளவு மாறியது என்று காட்டும் ஒரு பாலம் போட வேண்டும். ஜி.எம். வெளியிடும் காலாண்டு அறிக்கையிலேயே இந்தப் பாலத்தைப் பார்க்கலாம்: எண்ணிக்கை, மாடல் கலவை, விலை, செலவு, இதர.

ஓர் உதாரணம். திட்டம்: 1,000 உருப்படி, விலை 500, மாறும் செலவு 350. பங்களிப்பு (விற்பனையில் மாறும் செலவு போக மிச்சம்) 1,50,000. நிஜம்: 920 உருப்படி, விலை 510, மாறும் செலவு 365. பங்களிப்பு 1,33,400. குறைவு 16,600. எண்ணிக்கையால் 80 × 150 = 12,000 போனது. விலையால் 920 × 10 = 9,200 வந்தது. செலவால் 920 × 15 = 13,800 போனது. கூட்டினால் சரியாக 16,600. இப்போது பேச்சு “விற்பனை சரியில்லை” என்ற இடத்திலிருந்து நகர்ந்து, மாறும் செலவு ஏன் 15 ஏறியது என்ற இடத்துக்கு வரும். பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

பாலம் தப்பாகப் போவதற்கு மிகப் பொதுவான காரணம், நேர வித்தியாசத்தை நிஜ மிச்சமாக எடுத்துக்கொள்வது. விளம்பர பில் இந்த மாதம் வராவிட்டால் செலவு குறைந்ததுபோலத் தெரியும். அடுத்த மாதம் இரண்டு பில்லும் சேர்ந்து வரும். எனவே ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பக்கத்தில் “இந்த ஆண்டுக்குள் திரும்பி வருமா” என்று ஒரு நெடுவரிசை இருக்க வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டு டிசம்பரில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, வேண்டுமென்றே தாழ்த்திச் சொல்லும் கணிப்பு. இலக்கை எளிதாகத் தொட விரும்பும் விற்பனைத் தலைவர் ஒவ்வொரு முறையும் பத்துக்கு எட்டு என்பார். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. கடந்த 12 மாதத்தில் அவர் சொன்னது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று கூட்டல் கழித்தல் குறியோடு எழுதுங்கள். 12இல் 10 முறை ஒரே பக்கம் தவறியிருந்தால் அது சாய்வு. அடுத்த கணிப்பில் அந்தச் சாய்வைச் சரிசெய்து, சரிசெய்ததை அவரிடமும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் திருத்தினால் அடுத்த முறை இன்னும் தாழ்த்திச் சொல்வார்.

எக்ஸெல் கோளாறுகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஒன்றை மட்டும் சொல்லலாம்: வட்டியைச் சராசரிக் கையிருப்பில் கணக்கிட்டால் சுற்றுச் சூத்திரம் (ஒரு கட்டம் தன் விடையையே நம்பி நிற்பது) விழுந்து மாடல் முழுக்கப் பிழை காட்டும். தொடக்கக் கையிருப்பில் கணக்கிடுங்கள். திட்டமிடலுக்கு அந்தத் துல்லியம் போதும்.

தலைமை நிதி அதிகாரியாக: மூன்று சோதனைகள்

பொறுப்பேற்ற மூன்றாம் மாதமே, 2018 நவம்பர் 26 அன்று, ஜி.எம். வட அமெரிக்காவில் ஐந்து ஆலைகளுக்குப் புதிய மாடல் ஒதுக்கப்போவதில்லை என்று அறிவித்தது. 2020 முடிவுக்குள் ஆண்டுப் பண வரத்தை 600 கோடி டாலர் உயர்த்துவது குறிக்கோள். அதில் 450 கோடி செலவுக் குறைப்பு, சுமார் 150 கோடி மூலதனச் செலவுக் குறைப்பு. இந்தப் பிரிப்பு முக்கியம். செலவுக் குறைப்பு லாபத்தில் தெரியும். மூலதனச் செலவைக் குறைத்தால் முதலில் பணத்தில் தெரியும், லாபத்தில் தேய்மானம் வழியாக ஆண்டுகள் கழித்தே தெரியும். இரண்டையும் ஒரே எண்ணாகச் சொல்லும் அறிக்கையைப் படிக்கும்போது உடைத்துக் கேட்க வேண்டும். இந்த 600 கோடியின் மறுபக்கத்தில் ஒஹையோவின் லார்ட்ஸ்டவுன் போன்ற ஊர்கள் இருந்தன. ஆலையை நம்பியே வளர்ந்த ஊருக்கு அந்த அறிவிப்பு என்ன செய்தது என்பது எந்த நிதி மாடலிலும் வரியாக வராது. நிதி மேசையில் உட்காருகிறவர் அதை மறந்துவிடக் கூடாது.

அந்தக் கோபமும் சேர்ந்து, 2019 செப்டம்பர் 16 அன்று அமெரிக்கக் கார் தொழிலாளர்களின் யு.ஏ.டபிள்யூ. தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 40 நாள் நீடித்தது. ஜி.எம். சொன்ன கணக்குப்படி அந்த ஆண்டின் இயக்க லாபத்தில் 360 கோடி டாலர் இழப்பு. பண வரத்தில் 540 கோடி. பணத்தில் விழுந்த அடி லாபத்தில் விழுந்ததைவிட ஒன்றரை மடங்கு.

காரணம் கார் தொழிலின் கட்டமைப்பில் இருக்கிறது. கார் ஆலையை விட்டுக் கிளம்பியதும் கம்பெனிக்கு டீலர் பக்கத்திலிருந்து பணம் வந்துவிடும். டயர், ஸ்டீல், இருக்கை கொடுத்தவர்களுக்கு ஒன்றரை மாதம் போல் கழித்தே கொடுப்பார்கள். ஆலை ஓடும்வரை இது வட்டியில்லாக் கடன். ஆலை நின்றால் அதே கடன் திருப்பி அடிக்கும். மாதம் 100 கோடி விற்பனை, 70 கோடி உதிரிபாகம், 20 கோடி நிலையான செலவு உள்ள ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். விற்றால் உடனே பணம். சப்ளையருக்கு 45 நாள் தவணை. எந்த நேரத்திலும் 105 கோடி பாக்கி நிற்கும். இன்று ஆலை மூடினால் அடுத்த 45 நாளில் அந்த 105 கோடியும், நிலையான செலவு 30 கோடியும் போகும். வரவு சுழியம். மாத லாபம் 10 கோடிதான் என்ற கம்பெனியிலிருந்து ஒன்றரை மாதத்தில் 135 கோடி வெளியேறுகிறது. திரும்பத் திறந்தால் விற்பனைப் பணம் முதலில் வரும், சப்ளையர் பில் பிறகு வரும். வெளியேறியதில் பெரும்பகுதி அதே வேகத்தில் உள்ளே வந்துவிடும்.

2020இல் நடந்தது இதுதான், பல மடங்கு பெரிதாக. மார்ச் மூன்றாம் வாரம் ஆலைகள் மூடத் தொடங்கின. மார்ச் 24 அன்றே வங்கிகளிடம் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்த ரிவால்வர் (வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும்) கடன் வசதியிலிருந்து சுமார் 1,600 கோடி டாலரை ஜி.எம். எடுத்துக் கையில் வைத்தது. மாதச் சம்பள ஊழியர்களின் சம்பளத்தில் 20 சதவீதம் தள்ளிவைக்கப்பட்டது. ஏப்ரல் 27 அன்று பங்குக்கு 38 சென்ட் காலாண்டு ஈவுத்தொகையும் நிறுத்தப்பட்டது. சுமார் 143 கோடி பங்குகளுக்கு அது காலாண்டுக்கு 54 கோடி டாலர். மே மாதத்தில் பத்திரச் சந்தையில் 400 கோடி டாலர் திரட்டியது. மே 18 அன்று வட அமெரிக்க ஆலைகள் திறக்கத் தொடங்கின.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது, ரிவால்வரைத் தேவைப்படும் முன்பே எடுத்தது. எடுத்தால் வட்டி உண்டு. ஆண்டுக்கு 2 சதவீதம் என்று வைத்தால் 1,600 கோடிக்கு 32 கோடி. ஆனால் காலாண்டுக்கு 900 கோடி வெளியேறப்போகிற கம்பெனிக்கு அது காப்பீட்டு பிரீமியம் அளவுதான். கடைசி வாரம்வரை காத்திருந்தால் வங்கிகளும் அதே நெருக்கடியில் இருக்கும். ஒப்பந்தத்தில் வசதி இருப்பது வேறு, பணம் கணக்கில் இருப்பது வேறு. 2009ஐ உள்ளிருந்து பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2020 ஆகஸ்டில் அவர் ஜி.எம்.மை விட்டு இணையவழிப் பணம் செலுத்தும் சேவை தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரியாகப் போனார். ஜி.எம். அந்த முழு ஆண்டை 640 கோடி டாலர் நிகர லாபத்தோடு முடித்தது.

க்ரூஸ்: தவணையில் வாங்கிய பணம்

ஓட்டுநரில்லா கார் செய்யும் க்ரூஸ் நிறுவனத்தை ஜி.எம். 2016இல் வாங்கியது. 2018 மே 31 அன்று சாஃப்ட்பேங்க் விஷன் ஃபண்ட் என்ற முதலீட்டு நிதி அதில் 225 கோடி டாலர் போடுவதாக அறிவிப்பு வந்தது. 90 கோடி உடனே. மீதி 135 கோடி, வண்டிகள் வணிகரீதியாக ஓடத் தயாரானதும். அந்த 135 கோடி கடைசிவரை சாஃப்ட்பேங்கிடமிருந்து வரவில்லை. 2022 மார்ச்சில் சாஃப்ட்பேங்கின் பங்கை 210 கோடி டாலருக்கு ஜி.எம். வாங்கிக்கொண்டு, அந்த 135 கோடியையும் தானே போட்டது. 2024 டிசம்பரில் க்ரூஸின் ஓட்டுநரில்லா ரோபோ டாக்ஸிக்கு இனிப் பணம் ஒதுக்குவதில்லை என்று அறிவித்தது. மைல்கல்லைத் தொட்டால் மட்டும் வரும் பணத்தைத் திட்டத்தில் எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு இது நல்ல பாடம்: கையெழுத்தான தேதியில் வருவதை மட்டும் வரவில் எழுதுங்கள், மற்றதை அடிக்குறிப்பில் வையுங்கள்.

சென்னையில் இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு

சென்னையில் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் வேலைகளுக்கென நடத்தும் குளோபல் கேபபிலிட்டி சென்டர்களில் எஃப்.பி. அண்ட் ஏ. வேலையில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கிடைப்பது ஒரு காஸ்ட் சென்டரின் செலவு அறிக்கை, மாத முடிவு, பவர்பாயின்ட் பாலம். வங்கி இருப்பை அவர்கள் பார்ப்பதே இல்லை. “பொறுமையாக, பிழையில்லாமல் செய்வார்” என்று பாராட்டியே ஒரு பெண்ணை ஐந்தாறு ஆண்டு அறிக்கை மேசையில் வைத்துவிடுவார்கள்; வங்கியோடு பேசும் மேசை வேறு யாருக்கோ போகும். இதை உடைக்க, பதவி உயர்வு கேட்பதற்கு முன் இடமாற்றம் கேட்பது நல்லது. கேட்க வேண்டிய இடம் ட்ரெஷரி, அல்லது வொர்க்கிங் கேபிடல் (அன்றாட நடைமுறை மூலதனம்), அல்லது 13 வாரக் கேஷ் ஃப்ளோ (அடுத்த 13 வாரப் பண வரவு செலவுக் கணிப்பு).

மூன்றிலும் எளிதாக நுழையக்கூடியது 13 வாரக் கணிப்பு. நடுத்தர அளவுக் கம்பெனிகள் பலவற்றில் அதைச் செய்ய ஆளே இருப்பதில்லை. தாளின் முதல் நெடுவரிசையில் திங்கட்கிழமை காலை வங்கி இருப்பு. நம் கணக்குப் புத்தகத்தில் உள்ள இருப்பு அல்ல. வரவில் ஒவ்வொரு பெரிய வாடிக்கையாளரையும் தனி வரியாக எழுதி, இன்வாய்ஸில் உள்ள தவணையை நம்பாமல், அவர் கடந்த ஆறு பில்லுக்கு நிஜமாக எத்தனை நாளில் கொடுத்தார் என்ற சராசரியைப் போடுங்கள். செலவில் தேதி மாறாதவை முதலில்: டி.டி.எஸ். 7ஆம் தேதி (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30), பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15ஆம் தேதி, மாதக் கணக்குக் கொடுப்பவர்களுக்கு ஜி.எஸ்.டி. 20ஆம் தேதி, ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15 அன்று முன்கூட்டிய வருமான வரி. பிறகு சம்பளம், வங்கித் தவணை. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டியதைத் தனி வரியில் வையுங்கள். சட்டப்படி அதிகபட்சம் 45 நாள். அதைத் தாண்டி ஆண்டு முடிவில் பாக்கி நின்றால் அந்தச் செலவை அந்த ஆண்டின் வரிக் கணக்கில் கழிக்க முடியாது. மற்ற சப்ளையர்களைக் கடைசியில் வைத்தால், இடம் கொடுக்கக்கூடியது எது என்று தாளே காட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை அந்த வாரக் கணிப்பையும் நிஜத்தையும் வரி வரியாக ஒப்பிட்டு, தவறியதற்குப் பக்கத்தில் காரணத்தை எழுதி, அடுத்த திங்கள் ஒரு புது வாரத்தைக் கடைசியில் சேர்க்க வேண்டும். முதல் மாதம் கணிப்பு கன்னாபின்னாவென்று இருக்கும். பெரும்பாலும் தவறுவது வரவுதான், அதுவும் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களால் மட்டும். அவர்களைக் கண்டுபிடித்து, அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் பிரிவில் எந்த நாளில் பேமென்ட் ரன் (பில்களுக்கு மொத்தமாகப் பணம் அனுப்புவது) போடுகிறார்கள், பில் எந்தத் தேதிக்குள் போய்ச் சேர்ந்தால் அதில் ஏறும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நம் பில்லிங் தேதியை அதற்கு முன்னே நகர்த்துங்கள். அதன் பலன் அடுத்த மாத வங்கி இருப்பிலேயே தெரியும்; நிதி மேலாளரிடம் ட்ரெஷரி வேலை கேட்கும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.